பள்ளிக்கூட லினக்ஸ் கர்னலில் எந்த டிரைவர்களை வைக்கலாம்? வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 14 பழைய கம்ப்யூட்டர் வந்திருக்குது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. எல்லாத்துக்கும் பொதுவா ஒரே லினக்ஸ் பென்டிரைவ் செய்யறேன், லினக்ஸோட மையப் பகுதியான கர்னலும் நானே கம்பைல் பண்றேன்.

முதல்ல என் லேப்டாப்புல லோக்கல்மாட்கான்ஃபிக் (கர்னல்ல எதெது வேணும்னு தானா தேர்ந்தெடுக்கிற கட்டளை) ஓட்டினேன். அந்த நேரத்துல லோடாகியிருக்கிற மாட்யூலை (வேணுங்கிறப்ப தனியா லோடாகுற டிரைவர் ஃபைல்) மட்டுந்தான் அது எடுத்துக்கும். பென்டிரைவ் சொருகாம ஓட்டுனதால யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரே விட்டுப்போச்சு. பள்ளிக்கூடத்துல போட்டா ரூட் (சிஸ்டம் ஃபைலெல்லாம் இருக்கிற மெயின் பார்ட்டிஷன்) கிடைக்காம கர்னல் பேனிக், அதாவது கர்னலே அப்படியே நின்னுபோச்சு. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக் மினுக்குன்னு அடிக்குது. சுத்தி நின்ன புள்ளைங்க மொகம் வாடிப்போனதைப் பார்க்க முடியலைங்க.

இப்ப யூஎஸ்பி ஸ்டோரேஜ், ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்க்குக்கு), எக்ஸ்ட்4 (ஃபைல்சிஸ்டத்துக்கு) மூணையும் கர்னலுக்குள்ளேயே வெச்சுட்டேன். வைஃபை மாட்யூலாவே இருக்கட்டும். உள்ளே வெச்சா, ரூட் ஏறும் முன்னாடியே ஃபர்ம்வேரை (வைஃபை சிப்புக்குள்ள ஏத்த வேண்டிய ஃபைல்) தேடித் தவிக்கும்.

மீதிதான் குழப்பம். மாட்யூல் லோடாகாத வரைக்கும் ரேமைத் தின்னாது, டிஸ்க்கில்தான் இடம் அடைக்கும். அப்படின்னா டெபியன் லினக்ஸ்ல இருக்கிற மாதிரி எல்லாத்தையும் மாட்யூலா விட்டுடலாமா? என் மெசின்ல அதுக்கு ராத்திரி பூரா கம்பைல் ஓடுதுங்க. பழைய ஐடிஇ டிஸ்க்குக்கான பாட்டா (PATA) டிரைவரும், ஆர்டுயினோ போர்டை யூஎஸ்பில இணைக்கிற சிஹெச்340 சிப்புக்கான டிரைவரும் கட்டாயம் வேணும். வேற எதைச் சேர்க்காம விட்டா பின்னால சிக்கல் வரும்? பழைய மெசின்ல செஞ்சு பார்த்தவங்க உங்க கர்னல் கான்ஃபிக் ஃபைலைக் குடுத்தா பெரிய உதவியா இருக்கும். திங்கக்கிழமை மறுபடியும் போறேனுங்க.