அப்பாவோடு ஐரோப்பிய மலைகளில் நடக்க எந்த இடம்? ஆறு நாள்தான் இருக்கிறது

புதூர்வாசி:
வணக்கம். மதுரை கோ.புதூர். நான், மனைவி, அப்பா மூன்று பேரும் வருகிற ஜூன் கடைசியில் ஐரோப்பா போகிறோம், போக வர ஆகும் நாளைக் கழித்தால் கையில் ஆறு நாள். ஊர் சுற்றுவதில் யாருக்கும் பெரிய ஆசை இல்லை, மலையில் நடக்க வேண்டும். அப்பாவுக்கு 64 வயது. வருஷம் தவறாமல் சதுரகிரி போகிறவர், ஏறுவதில் சிரமமே கிடையாது, ஆனால் இரண்டு வருஷமாக இறங்கும்போது வலது முழங்கால் பிடித்துக்கொள்கிறது. சுத்த சைவம் வேறு. சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன், இத்தாலியின் டோலமைட்ஸ், போலந்தின் ஜகோபானே என்று மூன்று இடம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிரண்டு நாளாக மூன்றையும் பார்த்துவிடலாமா?

திருநகர் நடையன்:
தம்பி, மூன்றும் வேண்டாம். ஒரு பள்ளத்தாக்கில் ஒரே வீட்டில் ஆறு நாளும் இருங்கள். இடம் மாறுகிற ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவது, ரயில் மாறுவது என்றே போய்விடும், அது நடக்கிற நாள் கிடையாது.

முழங்கால் விஷயத்தை வைத்துத்தான் இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அம்மாவோடு லாட்டர்புருன்னன் போனேன், அவருக்கும் இதே தொல்லை. அங்கே ஏற்றத்தையும் இறக்கத்தையும் ரயிலும் கேபிள் காரும் பார்த்துக்கொள்ளும், நாம் மேலே சமதரையில் நடந்தால் போதும். பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிற வெங்கன் ஊரிலிருந்து கேபிள் காரில் மென்லிக்கன் மலை ஏறி, அங்கிருந்து கிளைனே ஷைடெக் ரயில் நிலையம் வரை நடங்கள், நாலரை கிலோமீட்டர்தான், லேசான இறக்கம். ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூன்று சிகரமும் கண் முன்னாலேயே நிற்கும், அம்மா பாதி வழியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். முடித்ததும் ரயிலில் இறங்கிவிடலாம். இன்னொரு நாள் லாட்டர்புருன்னனிலிருந்து குருட்ஷால்ப் வரை கேபிள் காரில் போய் மியூரன் ஊர் வரை நடக்கலாம், அது ஏறக்குறைய சமதரை.

செலவு அதிகம், அதை மறைக்கவில்லை. ஹாஃப் ஃபேர் கார்டு வாங்கினால் ரயிலிலும் பெரும்பாலான கேபிள் கார்களிலும் பாதிக் கட்டணம். சமையலறை உள்ள வீடாக எடுத்துக்கொண்டால் அப்பா சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் இங்கிருந்தே கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளை மூடிவிடுவார்கள், சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிட வேண்டும்.

மேலூர் மலையாள்:
நடையன் அண்ணன் சொன்ன முழங்கால் கணக்கு சரிதான், ஆனால் அதே வசதி டோலமைட்ஸிலும் உண்டு. ஓர்டிசேயில் தங்கினால் ஊருக்குள்ளிருந்தே கேபிள் காரில் சைசர் ஆல்ம் ஏறிவிடலாம். சுமார் 56 சதுர கிலோமீட்டர் புல்வெளி, ஐரோப்பாவின் உயர்ந்த மலைப் புல்வெளிகளில் அதுதான் பெரியது, ஜூன் கடைசியில் பூவாக இருக்கும். ஓர்டிசேக்கு ரயில் கிடையாது, பொல்சானோ வரை ரயிலில் போய் அப்புறம் பஸ். நிறைய விடுதிகளில் அந்த வட்டாரப் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இலவச பாஸ் தருகிறார்கள், வீடு பிடிக்கும்போதே கேளுங்கள். மலைக்குடில்களில் பொலென்டா கிடைக்கும், நம்ம களி மாதிரி மக்காச்சோள மாவில் கிண்டியது, காளானோ சீஸோ போட்டுத் தருவார்கள். ஒத்தக்கடையிலிருந்து சாயங்காலம் யானைமலை நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், டோலமைட்ஸின் வெளுத்த பாறைகள் முழுக்க அப்படியே சிவக்கும். இதைப் பார்க்கவே நான் திரும்பப் போவேன்.

உசிலம்பட்டி டு கிராகூஃப்:
நான் போலந்தின் கிராகூஃபில் படிக்கிறேன், இங்கிருந்து ஜகோபானே பஸ்ஸில் இரண்டு இரண்டரை மணி நேரம். மூன்றில் செலவு குறைவு இதுதான். ஆனாலும் உங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்ல மாட்டேன். கேபிள் கார் குறைவு, மோர்ஸ்கியே ஓகோ ஏரிக்குப் போக ஒரு பக்கமே எட்டு ஒன்பது கிலோமீட்டர் தார் ரோடு, திரும்பி வருவது முழுக்க இறக்கம்.

எந்த மலைக்குப் போனாலும் ஒன்று. கோடையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். 2019 ஆகஸ்ட்டில் இங்கே கியெவோன்ட் சிகரத்தில் இருக்கிற இரும்புச் சிலுவை பக்கத்தில் மின்னல் இறங்கி ஆட்கள் செத்துப்போனார்கள், நூறு பேருக்கு மேல் காயம். விடியக் காலையில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

புதூர்வாசி:
மூவருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், ரயிலில் இறங்கலாம் என்றதுமே லாட்டர்புருன்னன் என்றுவிட்டார். சூரிச்சிலிருந்து போவது கஷ்டமா? இப்போதே என்ன செய்ய வேண்டும்?

திருநகர் நடையன்:
விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, சுமார் மூன்று மணி நேரம். முதலில் வீடு, அப்புறம் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு போடலாம், இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அப்பாவுக்கு இரண்டு ஊன்றுகோல் வாங்கி, வாரம் ஒருமுறை அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை நடந்து ஏறி இறங்கச் சொல்லுங்கள், இறங்கும்போது கோலை ஊன்றப் பழகத்தான் நாள் பிடிக்கும். லாட்டர்புருன்னனில் நடைபாதையோர மஞ்சள் பலகைகளில் போட்டிருக்கும் நடை நேரத்தில் உட்காருகிற நேரம் சேராது. எங்களுக்கு அது தெரியாமல் ஒரு நாள் கடைசி கேபிள் கார் போய்விட்டது, அம்மா இருட்டில் இரண்டு மணி நேரம் இறங்கினார், மறுநாள் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருந்தார். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையில் ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.