மறு: மறு: பங்கு விரிதாளில் 'லாட்', தமிழில் என்ன?

[ஒருங்கிணைப்பாளர்]
வணக்கம். தமிழ்வழி வணிகவியல் மாணவர்களுக்கான விரிதாள் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பங்கு வாங்கல், விற்றல் பாடத்தில் ஒரு சொல் மட்டும் நிற்கிறது. ஒரு நாளில் ஒரு விலைக்கு வாங்கியதை ஒரு வரிசையாக எழுதி, விற்கும்போது அதிலிருந்து கழிக்கிறோமே, அந்த 'லாட்'.

500 ரூபாய்க்கு 40 பங்கு, பிறகு 620-க்கு 60 பங்கு வாங்கி, 700-க்கு 50 விற்கிறோம். முதலில் வந்தது முதலில் போனால் பழைய 40-உம் புதியதில் 10-உம் கழியும், ஆதாயம் 8,800. சராசரி விலை 572-ஐப் பிடித்தால் 6,400தான் வரும். டீமேட் பங்குக்கு, அதாவது மின்னணுக் கணக்கில் இருக்கும் பங்குக்கு, வருமான வரிச் சட்டம் கேட்பது முதல் கணக்கை. 'தொகுதி' போடலாமா?

[தணிக்கையாளர், சென்னை]
தொகுதி வேண்டாம். பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் முன்பேர வணிகத்தில் சந்தை விதிக்கும் எண்ணிக்கையும் லாட், புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் குறைந்த அளவும் லாட். அவற்றுக்குத் தொகுதி பொருந்தும். நம்முடையது தேதியும் விலையும் ஒட்டியிருக்கும் வேறு பொருள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அடியிலிருந்து உருவப்படுவதால் 'கொள்முதல் அடுக்கு' என்பேன்.

[தமிழாசிரியர், மதுரை]
அடுக்கு நன்று. ஆனால் 'கொள்முதல்' எதற்கு? கொள் என்றாலே வாங்கு. "கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது" என்று பட்டினப்பாலை வணிகரைச் சொல்கிறது. கொள் + அடுக்கு, தனிக்குறில் முன் ஒற்று இரட்டி, கொள்ளடுக்கு. வினைத்தொகை, கொண்ட, கொள்கின்ற, கொள்ளும் மூன்றும் அடங்கும். விற்பனைக்கு 'நொடை' இருக்கிறது. சங்கப் பாடல்களில் கள், உப்பு விற்றலுக்கு வரும் சொல். முழு ஏட்டையும் 'கொள்நொடை ஏடு' என்றே அழைக்கலாமே.

[கொழும்பு]
இங்கே purchase எனும் இடத்தில் நாங்கள் எழுதுவது கொள்வனவு. உங்கள் ஊரில் கொள்முதல் என்றால் நெல் கொள்முதல் நிலையம்தான் பலருக்கு நினைவில் வருகிறது. கொள்வனவு அடுக்கு என்றால் இரு கரையிலும் விளங்கும். நொடை எங்கள் மாணவர்களுக்கும் விளங்காது ஐயா.

[தணிக்கையாளர், சென்னை]
கொள்முதல், கொள்வனவு, கொள் மூன்றுமே ஓரிடத்தில் உடைகின்றன: நிறுவனம் இலவசமாக ஒதுக்கும் போனஸ் பங்கு. அது வாங்கியதல்ல. அடக்கவிலை சுழியம், வைத்திருந்த காலம் ஒதுக்கிய நாளிலிருந்து தொடங்கும். ஆகவே அதற்குத் தனி அடுக்கு. முகமதிப்புப் பிரிப்பு அப்படியல்ல: பழைய தேதி நிற்க, எண்ணிக்கை பெருகி விலை வகுபடும். பிரித்தபின் ஐசின் எண் (பங்கின் பன்னாட்டு அடையாள எண்) மாறிவிடும். ஐசினை வைத்துக் கூட்டும் சூத்திரம் அங்கே அறுந்துபோகும். பங்குக்கு நாமே ஒரு குறுங்குறி வைத்துக்கொள்வது நல்லது.

சூத்திரம் சொல்வதும் இதுவே. அடுக்கு மீதி = அந்த வரிசைவரை வந்த மொத்தத்தில் இதுவரை விற்ற மொத்தத்தைக் கழி; விடை 0-க்குக் கீழே போகக்கூடாது, அடுக்கின் எண்ணிக்கைக்கு மேலும் போகக்கூடாது. மேலே சொன்ன கணக்கில் முதல் அடுக்கு 0, இரண்டாவது 50. சூத்திரம் பார்ப்பது 'வந்ததை'. ஆகவே வரவடுக்கு. கழிக்கும் முறை, முன்வரவு முன்செலவு.

[தமிழாசிரியர், மதுரை]
'வரவு' முற்றியலுகரம். அதை எப்படிக் கெடுத்துப் புணர்த்தினீர்கள்?

[தணிக்கையாளர், சென்னை]
"முற்றும் அற்று ஒரோவழி", நன்னூல். முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படியே கெடும். உறவழகு வருமானால் வரவடுக்கும் வரும்.

[தமிழாசிரியர், மதுரை]
ஒப்புகிறேன். 'செலவு' செல்லுதல் என்ற பழம்பொருளுக்குத் திரும்புவதில் மகிழ்ச்சியே. அகப்பாடல் தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடும் செலவழுங்குதலை நினைத்துக்கொள்ளுங்கள்.

[வணிகவியல் ஆசிரியர், திருச்சி]
எனக்கு மகிழ்ச்சி இல்லை. அதே தாளில் தரகும் முத்திரைக் கட்டணமும் எழுதும் நிரலின் தலைப்பு 'செலவு'. அவற்றை ஆதாயத்திலிருந்து கழிக்கலாம். பங்குப் பரிவர்த்தனை வரியைக் கழிக்க முடியாது, தனி நிரலில் வைக்கவேண்டும். அங்கேயே மாணவர்கள் தடுமாறுகிறார்கள். இதில் விற்ற பங்கையும் செலவு என்றால்? 'வரவு' என்றதும் ஈவுத்தொகையை அந்த நிரலில் போடுவார்கள். 'வாங்கிய அடுக்கு' என்று வையுங்கள். போனசுக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

இன்னொன்றும் பாடத்தில் சேரட்டும். அடுக்குகள் தேதி வரிசையில் இருந்தால்தான் அந்தச் சூத்திரம் வேலை செய்யும். 03/04 ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்பது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. தேதி எழுத்தாகப் பதிந்துவிட்டால் வரிசைப்படுத்தும்போது ஆண்டுகள் கலைந்து பங்கை வைத்திருந்தது 12 மாதத்துக்கு உள்ளா, மேலா என்ற கணக்கு பிசகும். 2024 ஜூலை 23 முதல் விற்றவற்றுக்கு அந்த எல்லைக்கு இப்பால் 20 சதவீதம், அப்பால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்தில் 12.5 சதவீதம் என்பதால் இந்தப் பிசகு சிறிதல்ல. டீமேட் கணக்கு இரண்டு இருந்தால் அடுக்குகளும் தனித்தனி.

[ஒருங்கிணைப்பாளர்]
இதுவரை வந்த வாக்குகள்: வரவடுக்கு 4, வாங்கிய அடுக்கு 2, கொள்வனவு அடுக்கு 1, கொள்ளடுக்கு 1. வரவடுக்கு என்றே அனுப்புகிறேன். முறையின் பெயரில் 'செலவு' வராது. 'முதலில் வந்தது முதலில் போகும்' என்று முழுதாக எழுதிவிடுகிறேன். தேதிக் குறிப்பும் சேர்ந்துவிட்டது.

[வணிகவியல் ஆசிரியர், திருச்சி]
அதிக வாக்குப் பெற்றதற்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் கரும்பலகையில் நான் வாங்கிய அடுக்கு என்றுதான் எழுதுவேன். ஈவுத்தொகைக்குத் தனித் தாள் என்ற குறிப்பையாவது வரவடுக்கு முதன்முதலாக வரும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.