பத்து நாளுக்கு ஒரு விதைப்பு: வாரச் சந்தைக்கு இது சரியான கணக்கா?

நாற்றங்கால்:
வாரச் சந்தையில் தம் விளைச்சலைத் தாமே விற்க விரும்பும் புதியவர்களுக்காக நண்பர் செம்மண் எழுதிய குறிப்பில், "எந்தப் பயிராக இருந்தாலும் பத்து நாளுக்கு ஒரு பாத்தி விதைத்துக்கொண்டே வந்தால் ஒரு சந்தை நாளும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். இதை நம்பி யாராவது விதையையும் நிலத்தையும் வீணாக்குவார்கள் என்ற கவலையில்தான் எழுதுகிறேன். விதைப்புக்கு நடுவே பத்து நாள் விட்டால் அறுவடைக்கு நடுவேயும் அதே பத்து நாள் கிடைக்கும் என்று இவருக்கு யார் சொன்னது? செடி வளரும் வேகத்தை வெப்பம்தான் தீர்மானிக்கிறது. செடிப் பீன்ஸுக்கு 10 டிகிரி செல்சியஸை அடிமட்டமாக வைத்து வெப்ப அலகு கணக்கிடுவது வழக்கம்: நாளின் சராசரி வெப்பம் அதற்கு மேல் எத்தனை டிகிரியோ அத்தனை அலகு, அவை கூடிக் குறிப்பிட்ட அளவை எட்டும்போது காய் பறிப்புக்கு வரும். சராசரி 15 டிகிரி உள்ள குளிர்ந்த நாள் 5 அலகு தரும். 25 டிகிரி உள்ள நாள் 15 அலகு தரும். குளிரில் பத்து நாள் தள்ளி விதைத்த இரண்டு பாத்திகளுக்கும் உள்ள வேறுபாடு 50 அலகுதான். வெயில் ஏறிய பிறகு அந்த 50 அலகு நான்கு நாளுக்குள் கடந்துவிடும். இரண்டு பாத்தியும் ஒரே சந்தைக்கு வந்து குவியும், அதற்கடுத்த சந்தைக்குக் கூடை காலியாகப் போகும்.

செம்மண்:
நான் எழுதியது ஆய்வுக்கூடத்துக்கு அல்ல, நிலத்தில் குனிந்து வேலை செய்பவருக்கு. பத்து நாளுக்கு ஒருமுறை என்றால் அது மனத்தில் நிற்கும், தவறாமல் நடக்கும். விதைத்த 25 முதல் 30 நாளில் வந்துவிடும் சிவப்பு முள்ளங்கிக்கு நீங்கள் அலகு கூட்டி முடிப்பதற்குள் அது உள்ளே பஞ்சாகிப் போயிருக்கும். பத்து நாள் முறையில் என் கூடை காலியானதில்லை. தக்காளி பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் எல்லோருக்கும் பாடம் எடுக்க வந்தீர்கள். அதை யாரும் மறக்கவில்லை.

நாற்றங்கால்:
தக்காளியைப் பிறகு பார்ப்போம். "எந்தப் பயிராக இருந்தாலும்" என்று எழுதிவிட்டு இப்போது முள்ளங்கிக்குப் பின்னால் ஒதுங்குவது நியாயமா? வெண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒருமுறை காய்க்கத் தொடங்கினால் பல வாரம் காய்க்கும். பூ மலர்ந்த நான்கு முதல் ஆறு நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும். விட்டால் நார் பிடிக்கும், முற்றிய காயைச் செடியில் விட்டுவைத்தால் புதிய பிஞ்சும் குறையும். ஆகவே வெண்டைக்கு வேண்டியது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிப்பும், பழைய செடி ஓய்வதற்கு முன் காய்ப்புக்கு வரும்படி இன்னொரு விதைப்பும்தான். பத்து நாளுக்கு ஒரு வெண்டைப் பாத்தி போடுபவர் பறிக்க ஆளில்லாமல் திண்டாடுவார். வெங்காயத்தையும் பூசணியையும் பருவத்தில் ஒருமுறை போட்டு, இருப்பு வைத்து மாதக்கணக்கில் விற்கலாம். அவற்றுக்கும் பத்து நாள் முறைதானா? இனிப்புச் சோளமோ ஒரு பாத்தி முழுவதும் ஒன்றாகப் பதத்துக்கு வந்து சில நாளில் முற்றிவிடும். ஒடித்த கணத்திலிருந்தே அதன் இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். அதற்குக் கணிப்பு மிகக் கூர்மையாக இருக்க வேண்டும். முந்தைய பாத்தி முளைத்து மூன்று இலை விட்டதும் அடுத்ததை விதைக்க வேண்டும். குளிரில் அதற்கு மூன்று வாரம்கூட ஆகலாம், வெயிலில் அதில் பாதி நாளே போதும்.

தராசுமுள்:
சந்தை ஏழு நாளுக்கு ஒருமுறை கூடும்போது விதைப்பு மட்டும் ஏன் பத்து நாளுக்கு ஒருமுறை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. செம்மண் ஐயா பத்து நாள் என்பது விதைப்பின் இடைவெளியா, பறிப்பின் இடைவெளியா என்பதையும் யாராவது முதலில் தெளிவாக்குங்கள். விற்கும் இடத்தில் நிற்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: சென்ற வாரம் கீரை வாங்கியவர் இந்த வாரமும் அதே கீரையைத் தேடி வருவார், இரண்டு வாரம் இல்லையென்றால் வேறு கடைக்குப் பழகிவிடுவார். அதனால் பல வாரம் காய்ப்பவற்றை அடித்தளமாக வைத்து, சீக்கிரம் வரும் கீரை, முள்ளங்கி, கொத்தமல்லியால் இடைவெளியை நிரப்பி, அந்தச் சந்தையில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும். பயிர்த் தேர்வைப் பேசாமல் நாளையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

நாற்றங்கால்:
அம்மா, பத்து தவறு என்றால் ஏழு சரியாகிவிடாது. கொத்தமல்லி நீண்ட பகலிலும் வெப்பத்திலும் இலை பெருக்காமல் பூத்தண்டு விட்டுவிடும். லெட்டூஸ் விதை, மண் 30 டிகிரியைத் தாண்டிச் சுட்டால் பெரும்பாலும் முளைக்கவே முளைக்காது. அப்போது ஏழு நாளுக்கு ஒருமுறை விதைத்தாலும் பாத்தி வெறுமையாகத்தான் கிடக்கும்.

செம்மண்:
இவ்வளவு கணக்கு தெரிந்தவர், எல்லோருக்கும் முன்னால் தக்காளியைச் சந்தைக்குக் கொண்டுவருவேன் என்று முந்திக்கொண்டு நட்டு, இரவு 13 டிகிரிக்குக் கீழே போனபோது பூவெல்லாம் உதிர்ந்து நின்றது ஏன்? அலகுக் கணக்கு அன்று எங்கே போயிற்று? விதை உறையில் தக்காளிக்குப் போட்டிருக்கும் நாள் நாற்று நட்டதிலிருந்து எண்ண வேண்டியது என்பதையே அன்று நான்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நாற்றங்கால்:
அந்த விவாதத்தை யார் வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம். நாற்றங்காலில் கழியும் நான்கு முதல் ஆறு வாரத்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று எழுதியவன் நான். நீங்கள் அதன் பிறகுதான் வந்தீர்கள்.

மூடாக்கு:
எனக்கு வேறொரு ஐயம். எந்தப் பருவத்திலும் கூடை காலியானதில்லை என்று சொல்பவர்களில் சிலர், மொத்தச் சந்தையில் வாங்கிய காயைத் தம் நிலத்துக் காய் என்று அடுக்கி வைக்கிறார்கள். உண்மையாகப் பயிரிடுபவரின் கூடை ஏதாவது ஒரு வாரம் மெலியத்தான் செய்யும்.

செம்மண்:
யாரைச் சொல்கிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். என் பாத்திகளை வந்து பார்க்க எவருக்கும் தடையில்லை. வாங்கி விற்பவன் என்ற பழியைப் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

தராசுமுள்:
மூடாக்கு, ஆதாரமில்லாமல் இப்படிப் பேசுவது சந்தையில் நிற்கும் எல்லோரையும் தாக்கும். நாங்கள் மூன்று குடும்பத்தின் விளைச்சலை ஒரே கடையில் வைக்கிறோம். அதையும் வாங்கி விற்பது என்பீர்களா?

மூடாக்கு:
மூன்று குடும்பத்துக் காய் என்று எழுதி வைத்திருந்தால் கேட்க மாட்டேன், எழுதவில்லையென்றால் கேட்பேன்.

நாற்றங்கால்:
இந்தச் சண்டையில் பத்து நாள் கேள்வி காணாமல் போகக் கூடாது. செம்மண் இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு பாத்தி பீன்ஸ் ஒரே வாரத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்? பாதி விற்காமல் நிற்கும், உங்கள் விலையை நீங்களே குறைப்பீர்கள், பக்கத்தில் நிற்பவரின் விலையையும் சேர்த்து இறக்குவீர்கள். அறுவடை நாளை முதலில் குறித்துக்கொண்டு, அந்தப் பருவத்தின் வெப்பத்துக்கேற்பப் பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளை முடிவு செய்யுங்கள் என்று உங்கள் குறிப்பைத் திருத்த வேண்டும்.

செம்மண்:
திருத்த மாட்டேன். வெப்பம் அதிகம் மாறாத இடத்தில் உங்கள் கணக்கும் என் பத்து நாளும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

நாற்றங்கால்:
"வெப்பம் அதிகம் மாறாத இடத்தில்" என்ற சொற்கள் உங்கள் குறிப்பில் எந்த வரியில் இருக்கின்றன?

செம்மண்:
பத்து நாளுக்கு ஒருமுறை. இன்று காலையும் விதைத்தேன், இனியும் விதைப்பேன்.

தராசுமுள்:
விதைப்புக்கா பறிப்புக்கா என்று நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.