தாலிக்கொடிக் கதையை யார் பக்கம் நின்று சொல்வது?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். செட்டியார் தெருவில் நகை வேலை செய்யும் பத்தர் ஒருவர், உயர்தரம் படிக்கும் மகளின் வகுப்புக் கட்டணத்துக்காக, கொளுக்கியைத் திருத்தித் தருவதாக வாங்கிச் சென்ற மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு, அதே அளவில் செம்பில் செய்து பொன்முலாம் பூசிய கொடியைக் கொடுத்துவிடுகிறார் என்பதே நான் எழுதும் சிறுகதை. மூவரின் மனங்களுக்குள்ளும் மாறி மாறிப் புகுந்து எழுதியதில், மூவரும் ஒரே குரலில் சிந்திக்கிறார்கள். யாருடைய நோக்குநிலை பொருந்தும்?

கொட்டாஞ்சேனை எழுத்தாளர்:
தந்தையின் பக்கம் நில்லுங்கள், சகோதரி. படர்க்கையிலேயே எழுதலாம், ஆனால் அவர் அறிந்ததற்கு அப்பால் ஒரு சொல்லும் போகக்கூடாது. அவர் மனத்துக்குள் இருந்துகொண்டே கொடி மாறியதை இறுதிப் பத்திவரை மறைத்தால், தம்மை ஏய்த்துவிட்டார்கள் என்ற எண்ணமே வாசகருக்கு மிஞ்சும் என்பதால், அதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்தர் ஒருவர் காலி வீதியில் பஸ் ஏறினால் முகங்களுக்கு முன்னர் கழுத்துகளையே பார்ப்பார், எத்தனை பவுன் என்று கண்ணாலேயே மதிப்பிடுவார். அந்தப் பார்வை அமைந்துவிட்டால் குரல் தானாகவே தனித்துவிடும்.

புறக்கோட்டை வாசகர்:
வளர்ந்துவிட்ட மகள் 'நான்' என்று நினைவுகூரலாம். அன்று புரியாததும் இன்று புரிவதும் ஒரே வாக்கியத்தில் அமையும்.

பம்பலப்பிட்டி ஆசிரியை:
இருவரும் தாயை மறந்துவிட்டீர்கள். பொன்னின் அடர்த்தி செம்பினுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். 22 கரட் என்றாலும் அதே பருமனில் செய்த செம்புக்கொடி ஏறக்குறைய பாதி எடைதான் இருக்கும். பல ஆண்டுகளாக அதை அணிந்த கழுத்துக்கு முதல் நாளே தெரிந்துவிடும். எடையே தொழிலான பத்தருக்கும் அது தெரியாமல் இராது. ஆகவே, மனைவி எப்போது கண்டுபிடிப்பார் என்பது கதையே அன்று. அறிந்தும் ஏன் கேட்கவில்லை என்பதுதான் கதை, அதற்கான காரணமே அந்தப் பெண்ணின் குணம். நம் அகப்பாடல்களில் தலைவி காதலனோடு வீட்டைவிட்டுச் செல்லும் ஒரே உடன்போக்கு, வளர்ப்புத் தாயான செவிலியின் கூற்றில் துயரமாகவும் தோழி கூற்றில் துணிவாகவும் வருகிறது. ஒருவர் கூற்றுக்குள் இன்னொருவர் மனம் நுழைவதில்லை. நீங்களும் தாயிடமே நின்று, கணவரின் குற்ற உணர்வை அந்தப் பெண் காணக்கூடிய செயல்களால் மட்டும் காட்டுங்கள். தன்மையா, படர்க்கையா என்பது அதற்குப் பின்னர் எழும் கேள்வி. நானாக இருந்தால் படர்க்கையையே தேர்வேன். "நான் கேட்கவில்லை" என்று தாயே சொல்லத் தொடங்கினால், காரணத்தையும் தம் வாயாலேயே விளக்க நேரிடும்.