காய்கறி பாஸ்தா அடியில் தண்ணீர் விடுகிறது, எண்ணெய் தனியே நிற்கிறது, ருசியும் இல்லை: எங்கே தவறுகிறேன்?

மாலைச்சமையல்:
வணக்கம். மூன்று வாரமாக ஒரே விஷயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கிரீம் இல்லாமல், சீஸை அள்ளிக் கொட்டாமல், காய்கறி நிறையப் போட்டு லேசான இத்தாலியப் பாஸ்தா வீட்டில் செய்ய வேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் வயிறு கனக்கக் கூடாது, அவ்வளவுதான் ஆசை. இதுவரை ஐந்து தடவை செய்தாகிவிட்டது, ஐந்தும் ஒரே மாதிரி சொதப்பல்.

செய்வது இப்படித்தான். 3 பேருக்கு 250 கிராம் ஸ்பகெட்டி. தண்ணீர் கொதித்ததும் ஒட்டாமல் இருக்க ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கிற 10 நிமிடமும் வேகவைத்து, வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் அலசி வைத்துவிடுகிறேன். உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தண்ணீரில் போடுவதில்லை. இன்னொரு அடுப்பில் வாணலி வைத்து 1 தேக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் பூண்டு, பிறகு சுக்கினி (வெள்ளரிக்காய் மாதிரி நீளமான பூசணி வகைக் காய்), குடைமிளகாய், கேரட், காளான், தக்காளி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு உப்பு சேர்த்து வதக்குகிறேன். எண்ணெய் குறைவு என்பதால் அடிபிடிக்கிறது, அதனால் மூடி போட்டு 12 நிமிடம் விடுகிறேன். அப்புறம் ஸ்பகெட்டியைக் கொட்டிக் கிளறினால் முடிந்தது.

தட்டில் வைத்த இரண்டாவது நிமிடமே அடியில் தண்ணீர் தேங்குகிறது. காய்கள் எல்லாம் ஒரே மாதிரி குழைந்து, எது எதுவென்று தெரிவதில்லை. ஸ்பகெட்டியைத் தனியாகச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கிறது. போன தடவை கோபத்தில் கடைசியாக 2 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன், அது மேலே மினுமினுவென்று மிதந்ததே தவிர எதோடும் சேரவில்லை. கிரீம் ஊற்றினால் சரியாகிவிடும் என்று தெரியும், ஆனால் அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடு. எங்கே தவறு என்று யாராவது சொல்லுங்கள்.

கரண்டி:
நீங்கள் செய்ததை ஒழுங்காக வரிசையாக எழுதியதால் தவறைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது, அதற்கே முதலில் நன்றி. உங்களுக்கு வேண்டிய சாஸ் உங்கள் வீட்டில்தான் இருந்தது, ஐந்து தடவையும் அதை வடிகட்டித் தொட்டியில் ஊற்றிவிட்டீர்கள். பாஸ்தா வெந்த தண்ணீரைத்தான் சொல்கிறேன்.

பாஸ்தா வேகும்போது அதன் மேற்பரப்பிலிருந்து மாவுச்சத்து கரைந்து தண்ணீரில் இறங்குகிறது, தண்ணீர் லேசாகக் கஞ்சி மாதிரி மங்குவதைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது, அந்தக் கஞ்சி நடுவில் இருந்தால் சேரும். சூடான வாணலியில் எண்ணெய், அந்தத் தண்ணீர், பாஸ்தா மூன்றையும் விடாமல் புரட்டினால் ஒரு நிமிடத்தில் பளபளப்பான, லேசாகக் கெட்டிப்பட்ட சாஸ் இழையோடு ஒட்டிக்கொள்ளும். இத்தாலியர்கள் இதை மாந்தெகாத்தூரா என்பார்கள். கிரீம் செய்கிற வேலையை இது செய்துவிடும். நீங்களோ பாஸ்தாவை வேறு அலசிவிட்டீர்கள், மேலே ஒட்டியிருந்த மிச்சக் கஞ்சியும் போயிற்று. சூடும் போயிற்று. அதன்மேல் எத்தனை கரண்டி எண்ணெய் ஊற்றினாலும் வழுக்கிக்கொண்டுதான் நிற்கும்.

கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் விடுவதையும் விட்டுவிடுங்கள். அது மேலே மிதக்குமே தவிர கீழே வேகும் பாஸ்தாவைத் தொடாது. போட்ட முதல் இரண்டு நிமிடம் நன்றாகக் கிளறிவிட்டாலே ஒட்டாது.

உப்பு தண்ணீரில்தான் போக வேண்டும். இத்தாலியில் வழக்கமாகச் சொல்கிற கணக்கு 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. உங்கள் 250 கிராமுக்கு 2.5 லிட்டர், 25 கிராம். பாஸ்தா உள்ளே உப்புப் பிடிப்பது வேகும்போது மட்டும்தான், பிறகு மேலே தூவினால் நாக்கில் உப்பு தெரியும், பாஸ்தா சப்பென்றுதான் இருக்கும்.

இனி நேரம். பாக்கெட் 10 நிமிடம் என்றால் 8 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கட்டும். மீதி 2 நிமிடம் வாணலியில், காயோடும் கஞ்சித் தண்ணீரோடும் வேகட்டும். வடிப்பதற்கு முன் ஒரு பெரிய குவளையில் அந்தத் தண்ணீரை எடுத்து வைக்க மறக்காதீர்கள், மறக்காமல் இருக்க நான் வடிகட்டிக்குள்ளேயே குவளையை வைத்துவிடுவேன்.

எலுமிச்சை:
கரண்டி சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அடியில் தேங்கும் தண்ணீருக்குக் காரணம் காய்கள். சுக்கினியில் 100க்கு 95 பங்கு தண்ணீர்தான். காளானும் தக்காளியும் கிட்டத்தட்ட அப்படியே. அவற்றை ஒரே வாணலியில் குவித்து, ஆரம்பத்திலேயே உப்புப் போட்டு, மூடியும் வைத்தால் விட்ட தண்ணீர் போக இடமில்லாமல் அதிலேயே வேகும். வதங்கினால்தானே ருசி வரும்?

மூடியை எடுங்கள். அகலமான வாணலி, நல்ல சூடு, காய் ஒரே அடுக்காக மட்டும். கேரட் முதலில் தனியாக, சுக்கினி தனியாக, ஓரம் பொன்னிறமானதும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு அடுத்தது. உப்பை ஒவ்வொரு காயையும் வாணலியிலிருந்து எடுக்கும் நேரத்தில் போடுங்கள். பூண்டு முதலிலேயே சூடான எண்ணெயில் விழுந்தால் கருகிக் கசக்கும், அதைக் காய்கள் எல்லாம் வதங்கிய பிறகு சிறு தீயில் போடுங்கள்.

எண்ணெயையும் இவ்வளவு பயந்து குறைக்க வேண்டாம். 1 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. 3 பேருக்கு 3 மேசைக்கரண்டி என்றால் ஆளுக்கு ஒன்றுதான், அது லேசான சாப்பாடுதான். நீங்கள் 1 தேக்கரண்டியில் நிறுத்தியதால் அடிபிடித்தது, அடிபிடித்ததால் மூடினீர்கள், மூடியதால் தண்ணீர் விட்டது. மொத்தச் சிக்கலும் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்று, ஐந்து காய் எதற்கு? இத்தாலிய வீடுகளில் ஒரு பாஸ்தாவுக்குப் பெரும்பாலும் ஒரு காய்தான். தென் இத்தாலியில் பூலியா பக்கம் ஒரெக்கியெத்தே என்கிற குட்டிக் காது வடிவப் பாஸ்தாவை சீமே தி ராபா என்கிற கசப்புக் கீரையோடு மட்டும் செய்வார்கள். சிசிலியின் கத்தானியாவில் கத்தரிக்காயும் தக்காளியும். நேப்பிள்சுக்குத் தெற்கே நெரானோ என்ற சிற்றூரின் பேரில் ஒரு ஸ்பகெட்டி இருக்கிறது, அதில் சுக்கினி மட்டும்தான் (அதைப் பொரித்துப் போடுவதால் உங்கள் கணக்கில் லேசானது இல்லை). எல்லாக் காயும் கிரீமும் சேர்ந்த பிரிமவேரா 1970களில் நியூயார்க்கின் லெ சிர்க் உணவகத்தில் பேர் வாங்கியது. ஒன்றோ இரண்டோ காயோடு செய்து பாருங்கள், ஒவ்வொன்றின் ருசியும் தனியாகத் தெரியும்.

பூண்டுப்பல்:
ஒரு சிறு மாற்றுக் கருத்து. 2.5 லிட்டர் வேண்டாம், 1.5 லிட்டர் போதும். தண்ணீர் குறைந்தால் அதே மாவுச்சத்து குறைந்த தண்ணீரில் இறங்கும், கஞ்சி கெட்டியாக இருக்கும், சாஸ் சீக்கிரம் சேரும். கூடுதலாகக் கிளற வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் பாக்கெட்டைப் பாருங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக, மாவு பூத்த மாதிரி வெளுத்து இருந்தால் வெண்கல அச்சில் பிழிந்தது, அதில் சாஸ் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி மாதிரி மஞ்சளாக வழவழவென்று இருந்தால் டெஃப்லான் அச்சு. இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை துரும் என்கிற கெட்டி வகைக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வேறு நாட்டுப் பாக்கெட் என்றால் துரும் கோதுமை ரவை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கோதுமையில் செய்தது 8 நிமிடத்திலேயே குழைந்துவிடும்.

மாலைச்சமையல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேற்றே செய்து பார்த்துவிட்டேன். சுக்கினி, பச்சைப் பட்டாணி இரண்டு மட்டும். மூடி இல்லை, அலசவில்லை, 8 நிமிடத்தில் எடுத்தேன். அந்தத் தண்ணீர் ஊற்றிப் புரட்டியபோது எண்ணெய் கண்முன்னாலேயே காணாமல் போய்ச் சாஸாக மாறியது, அடுப்பை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

ஆனால் இரண்டு புதுச் சிக்கல். ஒன்று, உப்புக் கரித்தது, வீட்டில் யாராலும் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. 1.5 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்புதான் போட்டேன், அளந்துதான் போட்டேன். இரண்டாவது, கடைசியில் பார்மேசன் சீஸ் தூவிக் கிளறினேன், அது கரையாமல் ரப்பர் மாதிரி திரண்டு கரண்டியிலும் வாணலியிலும் ஒட்டிக்கொண்டது.

கரண்டி:
உப்பு விஷயத்தில் என் மேல்தான் தவறு, தெளிவாக எழுதியிருக்க வேண்டும். உப்பின் அளவைத் தண்ணீரை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பாஸ்தாவை வைத்து இல்லை. நான் சொன்ன 25 கிராம் 2.5 லிட்டருக்கு. நீங்கள் பூண்டுப்பல் சொன்னபடி தண்ணீரைக் குறைத்து, உப்பை அப்படியே வைத்ததால் லிட்டருக்கு 16, 17 கிராம் ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரையே வாணலியில் வற்றவும் விட்டீர்கள், நீராவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு முழுவதும் அங்கேயே நிற்கும். மேலே சீஸின் உப்பு வேறு. குறைந்த தண்ணீரில் செய்கிறவர்கள் லிட்டருக்கு 7 கிராமோடு நிறுத்துவது நல்லது. உங்கள் 1.5 லிட்டருக்கு 10 கிராம், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் தேக்கரண்டி தூளுப்பு. காய்க்கு உப்பைக் கடைசியில் ருசி பார்த்து மட்டும் போடுங்கள்.

எலுமிச்சை:
சீஸ் திரண்டது சூட்டினால். கொதிக்கிற வாணலியில் விழுந்தால் சீஸில் உள்ள புரதம் சுருங்கி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, கொழுப்பு தனியே பிரிந்துவிடும். அடுப்பை அணைத்து, வாணலியை இறக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, கொஞ்சம் வெதுவெதுப்பான கஞ்சித் தண்ணீர் விட்டுத் தளர்த்திவிட்டு, பொடியாகத் துருவிய சீஸை இரண்டு மூன்று தவணையாகத் தூவிப் புரட்டுங்கள். துருவியே விற்கிற பாக்கெட் சீஸ் என்றால் ஒட்டாமலிருக்க ஏதாவது பொடி கலந்திருப்பார்கள், அது சுலபத்தில் கரையாது. கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது எவ்வளவோ மேல்.

சாஸ் சேர்ந்த பிறகு எலுமிச்சைத் தோலை மஞ்சள் பகுதி மட்டும் துருவிப் போட்டுப் பாருங்கள். சாறு நாலைந்து சொட்டு போதும். லேசான பாஸ்தாவில் கிரீம் இல்லாத குறையை அந்தப் புளிப்பும் வாசமும் தெரியவே விடாது.

சைவச்சட்டி:
இடையில் ஒரு வார்த்தை. நீங்கள் சைவமா என்று தெரியாது, ஆனால் படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். அசல் பார்மேசனான பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னட்டைக் கொண்டுதான் உறைய வைக்க வேண்டும் என்பது அதன் விதி. அதனால் கண்டிப்பான சைவர்களுக்கு ஆகாது. தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னட் என்று எழுதிய கெட்டிச் சீஸ்கள் கிடைக்கின்றன.

சீஸே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. தென் இத்தாலியில் சீஸுக்குப் பதில் காய்ந்த ரொட்டித்தூளைக் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்துத் தூவுவார்கள். நான் அதில் ஒரு பூண்டுப்பல்லைத் தட்டிப் போட்டு வறுத்து எடுத்துவிடுவேன். பரிமாறுகிற நொடியில்தான் தூவ வேண்டும், முன்னாலேயே போட்டால் ஊறிவிடும்.

இன்னொரு காய் யோசனையும் சொல்கிறேன், ப்ராக்கலி. 300 கிராமைச் சிறு பூக்களாக உடைத்து, பாஸ்தா வேகப்போகிற அதே தண்ணீரில் முதலில் 5 நிமிடம் வேகவிட்டு, அதிலேயே பாஸ்தாவையும் போட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்துப் பூண்டு வாசனை ஏறிய எண்ணெயில் போட்டுக் கரண்டியால் மசித்தால் பாதி ப்ராக்கலி கரைந்து பச்சையாகச் சாஸ் ஆகிவிடும். ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர், காய் குழைவதுதான் இதில் நமக்கு வேண்டியதே.

மாலைச்சமையல்:
இன்று மறுபடியும் செய்தேன். சுக்கினியும் பட்டாணியும், 1.5 லிட்டருக்கு 10 கிராம் உப்பு, 3 மேசைக்கரண்டி எண்ணெய், சீஸ் அடுப்பை அணைத்த பிறகு, மேலே எலுமிச்சைத் தோல். சரியாக வந்தது! சுக்கினி ஓரம் சிவந்து இனிப்பாக இருந்தது, ஸ்பகெட்டியைத் தனியாகக் கடித்தாலும் ருசி இருந்தது. வீட்டில் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகிறது, வயிறு லேசாக இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் மனதார நன்றி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஒரு தட்டு அளவு மீந்திருக்கிறது, அதற்குள் கட்டியாகிவிட்டது. நாளை சூடுபண்ணினால் இதே மாதிரி வருமா?

பூண்டுப்பல்:
இதே மாதிரி வராது, ஆனால் நன்றாகவே சாப்பிடலாம். ஆறும்போது பாஸ்தா சாஸில் உள்ள தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக் கட்டியாகிவிடும், பயப்பட வேண்டாம். இப்போதே மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். நாளை வாணலியில் 3, 4 மேசைக்கரண்டி சாதாரணத் தண்ணீரைச் சூடாக்கி, அதில் பாஸ்தாவைப் போட்டுச் சிறு தீயில் மெதுவாகப் பிரித்துப் புரட்டுங்கள். ஏற்கெனவே உள்ள மாவுச்சத்து மறுபடி இளகிச் சாஸாகும். கஞ்சித் தண்ணீரை எடுத்து வைத்திருந்தாலும் ஊற்ற வேண்டாம், உப்பு ஏறிவிடும். சீஸ் இருப்பதால் கொதிக்க விடாதீர்கள்.

அடுத்த தடவை மிஞ்சும் என்று முன்பே தெரிந்தால் வதக்கிய காயில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வையுங்கள். மறுநாள் அதைக் கடைசியில் சேர்த்தால் சுக்கினி கூழாகாமல் இருக்கும்.