கந்தசஷ்டி விரதமும் அம்மாவின் சீனிக் குளிசையும்: எப்படிக் கதைப்பது?

உவர்மலை மகள்:
அம்மாவுக்கு 63 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம், பிரஷர். அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அதன் பிறகு நித்திரையே இல்லாமல் கிடந்தவர், வெள்ளிக்கிழமைகளில் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகத் தொடங்கித்தான் மெல்லத் தேறினார். கோட்டை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, மான்களைப் பார்த்துக்கொண்டே மேலே நடப்பார், அன்று இரவு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குவார். அதனால் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமே வராது.

ஆனால் இந்தக் கந்தசஷ்டிக்குப் பகலில் பச்சைத் தண்ணீர், இரவில் பாலும் பழமும் மட்டும்தான். குளிசையை மட்டும் வழக்கம்போலக் காலையில் போட்டிருக்கிறார். நாலாம் நாள் குசினியில் விழுந்துவிட்டார், உடம்பெல்லாம் வேர்வை, என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 48 (mg/dL). அங்கே ஒருவர் விரதம், கோயில் எல்லாவற்றையும் விடுங்கள் என்று ஏசி அனுப்பினார். அன்றிலிருந்து கிளினிக் பக்கமே போகமாட்டேன் என்கிறார். "நான் செய்த பாவத்துக்குத்தான் அப்பா போனவர், விரதத்தையும் விட்டால் எனக்கு என்ன மிச்சம்" என்று அழுகிறார். எப்படிக் கதைப்பது?

வார்ட்டில் வேலை செய்பவள்:
தங்கச்சி, முதலில் குளிசையின் பெயரைப் பாருங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சீனி இவ்வளவு இறங்குவது அரிது. கிளிக்லசைட் மாதிரி ஒன்றும் சேர்ந்திருந்தால், அது நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, சீனியை இறக்கும் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். 70க்குக் கீழே போனால் நடுக்கம், வேர்வை, தடுமாற்றம் வரும். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். விரதத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே கிளினிக் கொப்பியோடு போய்க் கேளுங்கள், அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். ஏசினவர் ஏசினதுதான் பிழை, வேறொரு டொக்டரிடம் காட்டலாம்.

கிண்ணியாவிலிருந்து:
எங்கள் வாப்பாவுக்கும் இதே வருத்தம். ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் டொக்டர் குளிசையை மாற்றிக் கொடுப்பார், பெரிய அளவு நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போய்விடும். ஒரு வருடம் சிறுநீரகமும் சரியில்லை, பிடிக்கவே கூடாது என்றுவிட்டார். வாப்பா குழந்தை மாதிரி அழுதார். எங்கள் பள்ளிவாசல் மௌலவி வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருந்து, நோயாளி வேறு நாட்களில் பிடிக்கலாம், முடியவே முடியாதவர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம், இதுவும் குர்ஆனில் உள்ளதுதானே என்று சொன்ன பிறகுதான் மனம் ஆறினார். நாங்கள் ஒரு மாதமாகச் சொன்னதை அவர் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். அம்மா மதிக்கிற குருக்கள் ஐயா யாராவது இருந்தால் அவரிடம் போங்கள்.

நிலாவெளி வாசகன்:
நீங்கள் கேட்டது குளிசையைப் பற்றி, எனக்கு உறுத்துவது அந்தப் "பாவம்" என்ற சொல். வழிபாடு உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 74,534 பெண் தாதியரை 16 வருடம் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் தேவாலயம் போனவர்களிடம், போகவே போகாதவர்களைவிட இறப்பு 33 சதவீதம் குறைவு. போனதால்தான் குறைந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நாலு பேரோடு இருப்பது, மனச்சோர்வு குறைவது எல்லாம் அதில் சேரும். உங்கள் அம்மாவின் வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆனால் 2001இல் 596 வயதான நோயாளிகளைப் பார்த்த ஆய்வில், கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ, என்மேல் அன்பில்லையோ என்று உள்ளே புழுங்கியவர்கள் அடுத்த இரண்டு வருடத்தில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பக்தி அதேதான், உள்ளே இருப்பது வேறு. அம்மா தண்டனையாக விரதம் பிடிக்கிறாரா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

உவர்மலை மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கோயிலால் இறங்கி வரும்போது கேட்டேன். அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்த அன்று அம்மா கோயிலில் நின்றிருக்கிறார், வீட்டில் இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மான்களுக்குப் பக்கத்தில் கல்லில் இருந்து அரை மணித்தியாலம் அழுதார், நானும்தான். குருக்கள் ஐயாவிடம் வெள்ளிக்கிழமை போகிறோம். செவ்வாய் கிளினிக்குக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அக்கா, கொப்பியைப் பார்த்தேன், நீங்கள் சொன்ன கிளிக்லசைட்தான், காலையில் 80 மில்லிகிராம். இதை அன்றைக்கு டொக்டரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதிவிடுங்கள்.