மலேசியா, பினாங்கு ஜெலுத்தோங் குடும்ப வாட்ஸ்அப் குழு: வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து

லட்சுமி அத்தை: சரவணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாமே? மார்க்கெட்டில் சொன்னார்கள். கவிதாவுக்குத் தெரிய வேண்டாம். ஏழாம் மாதம், பயந்துவிடுவாள்.

கவிதா: அத்தை, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

லட்சுமி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தேவி: இனி நீக்கி என்ன பயன்?

சரவணன்: யாரும் நிறுத்தவில்லை. நேற்று எச்.ஆர். கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்கள். சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று அவர்களே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளம், ஒரு நற்சான்றுக் கடிதம். எங்கள் ஷிப்டில் பாதிப் பேருக்கு இதே கடிதம்.

குமார் அண்ணன்: போடாதே.

அம்மா: இரண்டு மாதச் சம்பளம் கைக்கு வருகிறதே. பிரசவச் செலவு இருக்கிறது.

முத்தையா மாமா: 🎤 குரல் பதிவு 4:12

தேவி: மாமா, நான் பஸ்ஸில் இருக்கிறேன். எழுதுங்கள்.

முத்தையா மாமா: சரவணா, நிதானமாகப் படி. தொழிற்சங்கத்தில் செயலாளராக இருந்தபோது இப்படிக் கடிதங்களை நிறையப் பார்த்தவன் நான். விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் நீயாகப் போனதாக ஆகிவிடும். ஆள்குறைப்பு இழப்பீட்டைக் கேட்க முடியாது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ வேலை இழந்தவருக்குத் தரும் வேலைக் காப்புறுதிப் பணமும் வராது, சொந்த விருப்பத்தில் விலகியவருக்கு அது கிடையாது. ஆள்குறைப்பு என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் கணக்கே வேறு. மாதம் 4,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வாங்காதவருக்கு 1980ஆம் ஆண்டு ஆள்குறைப்பு இழப்பீட்டு விதிமுறை பொருந்தும். ஐந்து ஆண்டு முடித்தவர் என்றால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். நீ ஆறு ஆண்டு, ஆக 120 நாள். அதற்கு மேல் எட்டு வார முன்னறிவிப்பு. அதைக் கொடுக்கத்தான் மனமில்லாமல் இந்தக் கடிதம்.

தேவி: அடேயப்பா. இரண்டு மாதம் எங்கே, 120 நாள் எங்கே!

அம்மா: அண்ணன் கணக்குப் போட்டாலே எனக்கு அந்த மினி மார்க்கெட் ஞாபகம் வருகிறது. சரவணன் அப்பா விலகல் பணம் வாங்கியபோதும் இவ்வளவு விவரமாகத்தான் சொன்னீர்கள்.

லட்சுமி அத்தை: அண்ணி, அது 1998. அந்தப் பொருளாதார நெருக்கடியில் யார் கடை பிழைத்தது?

அம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லை.

குமார் அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு வளையல் யார் வாங்குவது? லிட்டில் இந்தியா பக்கம் சனிக்கிழமை கார் நிறுத்த இடம் கிடைக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேவி: நான் வாங்குகிறேன். சாப்பாடு கலவைச் சாதமா, பிரியாணியா?

லட்சுமி அத்தை: வளைகாப்பில் என்ன பிரியாணி?

சரவணன்: மாமா, கையெழுத்துப் போடாவிட்டால் வேறு காரணம் காட்டி நீக்கிவிடுவோம் என்று மேனேஜர் சொன்னார்.

முத்தையா மாமா: யார் பக்கத்தில் இருந்தார்கள், எந்த அறை, எத்தனை மணி, இன்றே எழுதி வை. மிரட்டி வாங்கிய விலகலை நீக்கமாகவே தொழில்துறை நீதிமன்றம் பார்க்கும். ஆனால் மிரட்டியதை நிரூபிக்க வேண்டியது உன் பொறுப்பு. அதனால்தான் முதலிலேயே போடாதே என்கிறேன். நீக்கினால் நீக்கட்டும். அன்றிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில், தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் மனு கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போய் நின்றால் அழுதாலும் வாங்கமாட்டார்கள். சமரசப் பேச்சுக்கு வழக்கறிஞர் வேண்டாம். முன்பெல்லாம் பேச்சு முறிந்தால் கோப்பு அமைச்சரிடம் போகும். 2021 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்.

குமார் அண்ணன்: 👍

சரவணன்: வெளிநாட்டு ஊழியர்கள் யாருக்கும் கடிதம் வரவில்லை. எங்களுக்கு மட்டும்தான்.

முத்தையா மாமா: அப்படியா! அதே வேலையில் அவர்கள் இருக்கும்போது உள்நாட்டவரை முதலில் ஆள்குறைப்பில் அனுப்பக்கூடாது. வேலைச் சட்டம் 1955, பிரிவு 60என்.

தேவி: அவர்களும் கடன் வாங்கித்தான் வந்திருப்பார்கள். பாவம்.

முத்தையா மாமா: பாவம்தான். இரண்டு பேரையும் ஒரே முதலாளிதான் ஆட்டி வைக்கிறார். நான் சட்டத்தைச் சொன்னேன். இன்னொன்று, குழந்தை பிறக்கும்போது நீ வேலையில் இருந்தால் அப்பாவுக்கும் ஏழு நாள் சம்பள விடுப்பு உண்டு, 2023 முதல்.

லட்சுமி அத்தை: நம் காலத்தில் இவர் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் இருந்தார்.

தேவி: 😂😂

சரவணன்: சரி, யோசிக்க நேரம் வேண்டும் என்று இன்று மின்னஞ்சல் அனுப்புகிறேன். வியாழக்கிழமை கூப்பிட்டால் மாமா கூட வர முடியுமா?

முத்தையா மாமா: என்னை உள்ளே விடமாட்டார்கள். வெளியே காரில் இருக்கிறேன்.

அம்மா: மூன்று மாதம் கொடுப்பார்களா என்று கேட்டுப் பார். கேட்பதில் என்ன குறை?

கவிதா: அவர் கையெழுத்துப் போடமாட்டார், அத்தை. எனக்குப் புளிச்சாதம் போதும்.

அம்மா: அதை வெள்ளிக்கிழமை பார்க்கலாம்.

குமார் அண்ணன்: எதை? சாப்பாட்டையா? சமையல்காரர் இன்று மாலைக்குள் தலைக்கணக்குக் கேட்கிறார்.